மானுக்கும் நாய்க்கும் அபயம்



காட்டை அடுத்து வாழும் மக்களிடையே ஒரு முறையீடு எழுவதுண்டு. "எமது சொந்த நிலத்திலே மான் மேய வருகின்றது. அதனை வேட்டையாடக் காத்திருக்கும் வேளையில் உரியவரில்லாத தெருநாய்கள் கூட்டமாய் நுழைந்து மானை விரட்டிவிடுகின்றன. சில வேளை தாமே கடித்துக் கொன்றும் விடுகின்றன. எமது வேட்டை பாழாகின்றது. இந்நாய்களை என் செய்வது?" என்பதே அம்முறையீடு. மேலோட்டமாய்க் கேட்பவர்க்கு இது வேலி பற்றியதும் காவல் பற்றியதுமான சிறு வழக்கெனத் தோன்றும். ஆயினும் பஞ்சசீலத்தை ஏற்றுக்கொண்ட நாம் சற்று நின்று ஆராய்வோமாயின், முதற் சீலத்தின் பொருள் முழுவதும் இதனுள் அடங்கியிருத்தலைக் காண்போம். மானைக் கொல்லக் காத்திருந்தவன் நாயின்மீது குற்றம் சாட்டுகின்றான். மானோ இருவருக்கும் அஞ்சி ஓடுகின்றது. இம்மூவருள் சீலம் ஏற்கவல்லவன் மனிதன் ஒருவனே. ஆதலின் தம்மம் முதலில் அவனை நோக்கியே பேசுகின்றது.

இவ்வாராய்ச்சிக்கு ஹனூர்ப் பகுதியை எடுத்துக்கொள்வோம். கொள்ளேகாலத்திலிருந்து மாதேஸ்வரன் மலைக்குச் செல்லும் பாதையில் இருப்பது ஹனூர். 1956 ஆம் ஆண்டு வரை கொள்ளேகாலம் தாலுகா சென்னை இராஜ்யத்துக் கோயமுத்தூர் ஜில்லாவைச் சேர்ந்திருந்தது. பின்னர் மைசூர் ஜில்லாவோடு சேர்ந்து, 1997 முதல் சாமராஜநகர் ஜில்லாவுக்கு உட்பட்டது. ஹனூரும் பிற்காலத்தில் தனித் தாலுகாவாயிற்று. தமிழும் கன்னடமும் கலந்து வழங்கும் அந்நாட்டைச் சுற்றிலும் காடுகள். 1987 இல் காவேரி வனவிலங்குச் சரணாலயமும், 2013 இல் மாதேஸ்வரன் மலைச் சரணாலயமும் ஏற்பட்டன. அருகிலுள்ள பிளிகிரிரங்கன் மலை 2011 இல் புலிகள் காப்பகமாயிற்று. புள்ளிமானும் கடமானும் கேளையாடும், அவற்றைத் தொடர்ந்து வாழும் செந்நாயும் சிறுத்தையும் அக்காடுகளில் உண்டு. காட்டிற்கும் காட்டிற்கும் இடையே உழவர்தம் பட்டா நிலங்கள் கிடக்கின்றன. எல்லைக்கல் மனிதனுக்குத் தெரியும், மானுக்குத் தெரியாது.

அந்த ஹனூர்த் தாலுகாவிலேயே, ஒடெயர்பாளையத்தில், தாய்நாட்டை இழந்த திபெத்திய மக்கள் 1970களின் நடுவிலிருந்து குடியமர்த்தப்பட்டு, விகாரமும் எழுப்பி வாழ்கின்றனர். திபெத்திய விகாரங்களின் கூரை முகப்பிலே தம்ம சக்கரமும், அதன் இருபுறமும் முகம் உயர்த்திப் படுத்திருக்கும் இரண்டு மான்களும் விளங்குவதை நம்மிற் பலர் கண்டிருப்பர். பகவான் முதன்முதல் தம்மத்தை உபதேசித்த இடம் காசிக்கு அண்மையிலுள்ள இசிபதனம் என்னும் மான்வனம். மான்களுக்கு அபயம் அளிக்கப்பட்ட இடத்திலேதான் மனிதனுக்கு விடுதலை வழி சொல்லப்பட்டது. அச்சமின்றி மான் மேயும் இடமே அறம் பேசுதற்குத் தகுந்த இடம் என்பதை அவ்விரண்டு மான்களும் வாய் திறவாமல் நமக்குச் சொல்லுகின்றன.

இனி முறையீட்டின் முதற்பகுதியை நோக்குவோம். "நிலம் எம்முடையது" என்கின்றனர். மெய்தான். ஆனால் மான் யாருடையது? இந்திய நாட்டில் 1972 ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் மானை வேட்டையாடுவதைக் குற்றமாக்கியது. வேட்டைக்கு உரிமச்சீட்டு வழங்கி வந்த பழைய வழக்கமும் 1991 ஆம் ஆண்டுத் திருத்தத்தோடு முடிவுற்றது. பட்டா நிலத்திலும் அச்சட்டம் செல்லும். சுடுவது மட்டுமன்று, கண்ணி வைத்தலும், நஞ்சிடுதலும், அவற்றிற்கு முயலுதலுங்கூட வேட்டை என்றே அச்சட்டம் கூறுகின்றது. ஆகவே "எமது வேட்டையை நாய் கெடுத்தது" என்னும் வழக்கிற்கு அரசின் மன்றத்தில் இடமில்லை. தம்மத்தின் மன்றத்திலோ அதற்கு முன்னும் இடமிருந்ததில்லை.

இதன் பொருட்டு நிக்ரோதமிருக ஜாதகத்தை நினைவுகூர்வோம். காசி மன்னன் பிரமதத்தன் வேட்டைப் பிரியன். நாள்தோறும் குடிமக்களை வேலை கெடுத்து வேட்டைக்கு அழைத்தான். துன்புற்ற குடிகள் மன்னனது பூங்காவிற் புல் வளர்த்து, காட்டு மான்களை வளைத்து ஓட்டிவந்து உள்ளே அடைத்துவிட்டனர். அங்கே இரண்டு மந்தைகள்; ஒன்றன் தலைவர் நிக்ரோதர் என்னும் போதிசத்வர், மற்றொன்றன் தலைவன் சாகன். அம்புக்கு அஞ்சிப் பல மான்கள் காயமுறுதலைக் கண்டு, முறைவைத்து நாளுக்கு ஒரு மான் கொலைமேடைக்குச் செல்வதென இரு மந்தைகளும் உடன்பட்டன. சாகனது மந்தையில் சூலுற்ற பெண்மான் ஒன்றுக்கு முறை வந்தது. குட்டி ஈன்றபின் வருவதாக அது வேண்டியும் சாகன் இரங்கவில்லை. நிக்ரோதரோ அதன் முறையைத் தாம் ஏற்றுக் கொலைமேடையிற் சென்று தலை வைத்தார். வியந்த மன்னன் அவருக்கும் அப்பெண்மானுக்கும் அபயம் அளித்தான். அவர் அவ்வளவில் நில்லாது, ஏனைய மான்களுக்கும், நாற்கால் விலங்குகளுக்கும், பறவைகளுக்கும், மீன்களுக்கும் அபயம் பெற்றே எழுந்தார்.

பலரும் கதையை இங்கே முடித்துவிடுவர். ஆனால் உழவர் கேட்க வேண்டிய பகுதி இதன் பின்னரே வருகின்றது. அச்சம் நீங்கிய மான்கள் பயிரை மேயத் தொடங்கின. குடிகள் மன்னனிடம் முறையிட்டனர். கொடுத்த வாக்கை மீறேன் என்றான் மன்னன். இதனைக் கேட்ட நிக்ரோதர் "அவர்கள் பாடு அவர்களோடு" என்றிருந்தாரில்லை. தம் மந்தையை அழைத்துப் பிறர் பயிரைத் தின்னலாகாதெனக் கட்டளையிட்டார். உழவர் தம் வயலைச் சுற்றி இலைகளைக் கட்டி அடையாளம் செய்யவும் சொல்லியனுப்பினார். இலைக்கட்டைக் கண்ட மான் அப்பால் விலகியது. உழவனது இழப்பைப் போதிசத்வர் அற்பமென்று தள்ளவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பயிரும் பிழைக்க வேண்டும். மானும் பிழைக்க வேண்டும். இரண்டிற்கும் வழி தேடுவதே கருணையின் வேலை.

அடுத்து, கொலை என்பது எங்கே தொடங்குகின்றது என்பதைத் தெளிவோம். உயிர் இருத்தல், அது உயிரென அறிதல், கொல்லும் எண்ணம், அதற்குரிய முயற்சி, அதனால் உயிர் நீங்கல் என முதற் சீலம் பழுதுறுதற்கு ஐந்து உறுப்புகளை நம் உரையாசிரியர் வகுத்துள்ளனர். கொலை நிகழும் வழிகளுள் தன் கையாற் செய்தல், பிறரை ஏவிச் செய்தல், எறிபடையாற் செய்தல், நாட்டி வைத்த பொறியாற் செய்தல் என்பனவற்றையும் எண்ணியுள்ளனர். இதனைக் காட்டோர வாழ்க்கையில் வைத்துப் பாருங்கள். வேலியோரம் கம்பிக் கண்ணி நாட்டிவிட்டு வீட்டிற் சென்று உறங்குகின்றவன், "நான் அங்கில்லை" எனத் தப்ப முடியாது. அவன் உறங்கும்போதும் அவனது எண்ணம் அங்கே விழித்திருக்கின்றது. பழத்துள் அவுட்டுக்காய் வைப்பவனும் அத்தகையவனே. இருளில் நாயை அவிழ்த்துவிட்டு, "நாய்தான் கடித்தது" என்பவன் பிறரை ஏவியவனாவான். நாய்கள் மானைத் துரத்துவது கண்டு, தடுக்கக் கூடியிருந்தும் இறைச்சிக்கு ஆசைப்பட்டுப் பார்த்திருப்பவன் என்ன சொல்வான்? தனக்கென்று கொல்லப்பட்டதைக் கண்டும் கேட்டும் ஐயுற்றும் இருப்பின் அவ்வூன் ஆகாதெனப் பகவான் ஜீவகருக்குச் சொன்னதை அவன் நினைக்கட்டும். காட்டில் இறந்து கிடக்கும் மானும் சட்டப்படி அரசின் உடைமையே. வனத்துறைக்குச் சொல்லுவது நம் கடமை.

இப்பொழுது நாயைப் பற்றி. மானுக்கு இரங்கும் நெஞ்சம் நாயை வெறுக்கத் தொடங்கினால் கருணை பாதியிலே முறிந்துவிடும். குக்குர ஜாதகத்தில், மன்னனது தேரின் தோல்வார்கள் மழையில் நனைந்து கிடந்தபோது அரண்மனை நாய்கள் அவற்றைத் தின்றுவிட்டன. ஏவலரோ வெளிநாய்கள் சாக்கடை வழியே புகுந்து தின்றன என்றனர். கண்ட இடத்தில் நாய்களைக் கொல்லுக என ஆணை பிறந்தது. அரண்மனை நாய்களுக்கு மட்டும் விலக்கு. சுடுகாட்டு நாயாகப் பிறந்திருந்த போதிசத்வர் மன்னன் முன் வந்து, விசாரியாமற் செய்த தண்டனை நீதியன்றெனக் காட்டி, மோரும் தருப்பைப் புல்லும் அரண்மனை நாய்களுக்குக் கொடுக்கச் செய்தார். அவை தோல் துண்டுகளைக் கக்கின. வீட்டு நாய் குற்றமற்றது, வீதி நாயே குற்றமுடையது என்னும் வழக்கு அன்றே இருந்தது போலும்! இன்றும் இரவில் மான்மந்தையைக் கலைக்கும் நாய்களுட் பல, பகலில் நம் திண்ணையிற் படுத்திருப்பவையே.

எஞ்சியவையும் தாமாக வந்தவையல்ல. வேண்டுமென்றபோது வளர்த்து, வேண்டாதபோது விட்டவர் நாம். குட்டிகளைச் சாக்கிற் கட்டி ஊருக்கு வெளியே விட்டவர் நாம். செத்த ஆடுமாடுகளையும், கோழிக்கழிவையும், பந்தி எச்சிலையும் காட்டோரம் கொட்டி அவற்றைப் பெருகச் செய்தவர் நாம். நாயாற் கடியுண்ணாத மானும் துரத்தப்பட்ட களைப்பாலும் திகிலாலும் பின்னர் இறந்துபோதல் உண்டு. வெறிநோயும், நாய்களுக்கு வரும் டிஸ்டெம்பர் என்னும் நோயும் காட்டு விலங்குகளுக்குத் தொற்றுகின்றன. 2018 இல் குஜராத்தின் கிர் காட்டில் சிங்கங்கள் பல இறந்தபோது, அவற்றுட் சிலவற்றில் இந்நோயே காணப்பட்டது. நாயைத் தேடிச் சிறுத்தை ஊருக்குள் வருதலும் இதன் தொடர்ச்சியே. சென்னைக் கிண்டிக் காட்டை ஒட்டிய ஐ.ஐ.டி. வளாகத்திலும் நாய்களால் மான்கள் மாண்டன. நாய்களைப் பிடித்து அடைத்தபோது அவற்றுள்ளும் சில இறக்க, 2021 ஆம் ஆண்டையொட்டி வழக்கு உயர்நீதிமன்றம் வரை சென்றது. மானின் பக்கம் ஒரு சாரார், நாயின் பக்கம் ஒரு சாரார் நின்றனர். பௌத்தர் நிற்க வேண்டிய இடம் இரண்டிற்கும் இடையே. ஏனெனில் துன்பம் இருபுறமும் உள்ளது, அதன் காரணமோ நம் கையில் உள்ளது. துக்கத்தைக் கண்டால் காரணத்தைத் தேடு என்பதன்றோ நமது நெறி!

சினத்தால் ஆகும் தீர்வு எதுவென்பதை ஹனூர்த் தாலுகாவே நமக்குக் காட்டியுள்ளது. 2025 ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ஹூக்யம் வனச்சரகத்திலே ஒரு தாய்ப்புலியும் அதன் நான்கு குட்டிகளும் இறந்து கிடந்தன. புலி அடித்த பசுவின் உடலில் இட்ட நஞ்சே காரணமென விசாரணையில் வெளிப்பட்டது. பசுவை இழந்த குடும்பத்தின் துயரம் மெய்யானது. ஆனால் நஞ்சுக்குப் பகை யார், நட்பு யார் என்று தெரியாது. அது தாயைக் கொன்றதோடு நில்லாமல் குட்டிகளையும் கொன்றது. நாய்க்கென வைத்த நஞ்சு நரிக்கும், கழுகுக்கும், அயலான் வீட்டுப் பசுவுக்கும் போய்ச் சேரும். உபாசகர்க்கு விலக்கப்பட்ட ஐந்து வாணிகங்களுள் நஞ்சு விற்றலும் ஒன்றாக வைக்கப்பட்டமை எத்துணைப் பொருத்தம்!

ஆயின் செய்யத்தக்கது யாது? முதலாவது, நாய் வளர்ப்போர் இரவில் அதனைக் கட்டிக் காக்க; வேளைக்கு உணவிட்டு, ஆண்டுதோறும் வெறிநோய்த் தடுப்பூசி போடுக. இரண்டாவது, உரியவரில்லா நாய்களைப் பிடித்து, இனப்பெருக்கத் தடைச் சிகிச்சையும் தடுப்பூசியும் செய்விக்கும் பொறுப்பை 2023 ஆம் ஆண்டு விதிகள் ஊராட்சி அமைப்புகளின்மேல் வைத்துள்ளன. நமது சங்கத்தார் கூடி எழுத்து மூலம் அதனைக் கேட்க. நாய்க்குச் சோறிடுவது புண்ணியமே. ஆனால் காட்டின் வாயிலிற் சோறிடுவது, ஓருயிருக்கு அளிக்கும் தானத்தை மற்றோருயிரின் மரணமாக்குவதாகும். ஊருக்குள், குறித்த இடத்தில் இடுக. மூன்றாவது, செத்த கால்நடையை ஆழப் புதைக்க. நான்காவது, பயிர் இழந்தவர் வனத்துறையிடம் முறைப்படி நட்டஈடு கோருக. எழுதத் தெரியாத அயலவர்க்கு எழுதிக்கொடுப்பதும் ஒரு தானமே. ஐந்தாவது, நம் வேலிகளிற் கண்ணி இருப்பின் இன்றே அவிழ்த்தெறிக; அதன் இடத்தில் நிக்ரோதர் சொன்ன இலைக்கட்டைப் போலக் கொல்லாத தடை எதுவோ அதனைக் கட்டுக.

முடிவாக ஒன்று. தேவானாம்பிய தீசன் என்னும் இலங்கை மன்னன் மான் வேட்டைக்குப் புறப்பட்ட கதையை மகாவம்சம் சொல்லுகின்றது. மிசக மலையிலே மானைத் துரத்திச் சென்றவன் மகிந்த தேரரின் முன் வந்து நின்றான். மான் மறைந்தது, வேட்டை கெட்டது, வில்லைக் கீழே வைத்துவிட்டு அவன் தம்மத்தைக் கேட்டான். அம்மலையே இன்றைய மிகிந்தலை. அத்தேரரை ஈன்ற தந்தையெனச் சொல்லப்படும் அசோகரும் வேட்டை யாத்திரையை விடுத்துத் தம்ம யாத்திரையை மேற்கொண்டதைக் கல்லிலே பொறித்தவர். வேட்டை தடைப்பட்டதால் இவர்கள் இழந்தது ஒன்றுமில்லை.

ஆதலின் அன்பர்களே, வேட்டை கெட்டதென்று வருந்துபவர் நம் அயலில் இருப்பின், அவரைப் பழிக்காமல் அருகிருந்து சொல்லுவோம்: நாய் குரைத்து மான் தப்பிய அவ்விரவில் உமது கையும் ஒரு கொலையினின்று தப்பியது, அதனை இழப்பென்று எண்ணாதீர். அடுத்த இரவு பரணில் ஏறாமல், உம் நாயைக் கட்டி, கண்ணியை அவிழ்த்து, உறங்கச் செல்லுவீர். மான் அஞ்சாது மேயட்டும். நாய் பசியாது உறங்கட்டும். உழவன் பயிர் இழவாது அறுக்கட்டும்.

சகல உயிர்களும் பகையின்றியும் துன்பமின்றியும் வாழ்வனவாக!

சாது! சாது! சாது!