முன் வரிசை நாற்காலி

பணக்காரர் செய்யும் தருமத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் நம்மவர்கள் உடனே இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுகிறார்கள். ஒரு கட்சி வள்ளல் என்று மாலை போடும். மற்றக் கட்சி, "தொழிலாளி வயிற்றில் அடித்த காசுதானே ஐயா?" என்று கேட்கும். மதுரையில் இரண்டாவது கட்சிக்கு ஆள்பலம் அதிகம். மில் சங்கு கேட்டு வளர்ந்த ஊர். மில்லில் வேலை பார்த்த நண்பர் ஒருவர் என்னிடம் இதையே கேட்டார். கேள்வி நியாயமானது. கூலியில் குறைத்ததைக் கொண்டுபோய்க் கல்லூரியில் கொட்டினால் அதற்குத் தருமம் என்று பெயர் சொல்ல என் நாக்குக் கூசுகிறது.

கூலியை ஒழுங்காகக் கொடுத்த பிறகும் லாபம் மிஞ்சுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதை எங்கே கொடுப்பது? இங்கேதான் மனித சுபாவம் வெளிப்படுகிறது என்று நினைக்கிறேன்.

மீனாட்சி மில் அதிபர் கருமுத்து தியாகராசச் செட்டியார் 1949-இல் தெப்பக்குளக் கரையில் ஒரு கல்லூரி வைத்தார்; 1957-இல் திருப்பரங்குன்றத்தில் பொறியியல் கல்லூரி. 'தமிழ்நாடு' என்று பத்திரிகையும் நடத்தினார். அவருக்குத் தமிழில் ருசி. ருசியுள்ள இடத்தில் கை தானாக நீளும். கலைக்குக் கொடுப்பவருக்கு முன் வரிசையில் ஒரு நாற்காலி எப்போதும் உண்டு. அவர் கொடுத்த பணத்தில் நடக்கிற கச்சேரியை அவரே கேட்கலாம். நான் இதைக் குறையாகச் சொல்லவில்லை. ராஜா சர் அண்ணாமலைச் செட்டியாரைப் போன்றவர்கள் 1940-களில் தமிழிசைக்கு முன் நின்றிராவிட்டால், தமிழ்ப் பாட்டு இன்னும் நெடுநாள் கச்சேரியின் கடைசித் துக்கடாவாகவே காத்திருந்திருக்கும். எழுதிப் பிழைக்கிற நானும் ஏதோ ஒரு ரசிகரின் காசில்தானே சாப்பிடுகிறேன்!

ஆஸ்பத்திரிக்குக் கொடுப்பவருக்கு நாற்காலி கிடையாது, கும்பிடு உண்டு. பிழைத்து எழுந்த நோயாளி வாசலில் கும்பிடுவான். ஆராய்ச்சிக்குக் கொடுப்பவருக்கோ இரண்டும் கிடையாது. காரைக்குடியில் அழகப்பச் செட்டியார் மின்வேதியியல் ஆராய்ச்சிக் கூடத்துக்கு 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1948-இல் அடிக்கல் நாட்டி, 1953-இல் கூடம் திறந்தது. 1957-இல் அவர் போய்விட்டார்; நாற்பத்தேழு வயது. சோதனைக் குழாயைப் பார்த்து யார் கை தட்டப் போகிறார்கள்? லண்டனில் மருந்து வியாபாரி ஹென்றி வெல்கம், தம் கம்பெனிப் பங்குகளையே மருத்துவ ஆராய்ச்சிக்கென்று எழுதிவைத்துவிட்டு 1936-இல் இறந்தார். அந்தப் பணம் இன்றும் வேலை செய்கிறது. பலனை நம் கண் பார்க்காது என்று தெரிந்தே கொடுப்பதற்கு ஒரு தனி நெஞ்சு வேண்டும்.

ஆனாலும் இவையெல்லாம் லாபம் வந்த பிறகு செய்தவை. லாபம் வருவதற்கு முன்பே தருமத்தைக் கணக்கில் ஏற்றுகிற வழக்கமும் இந்தப் பக்கத்தில் இருக்கிறது. விருதுநகர் நாடார் வியாபாரிகளின் மகமை அப்படித்தான். வியாபாரம் நடக்க நடக்க ஒரு சிறு பங்கு பொது நிதிக்குப் போய்விடும். அந்த நிதியும் வீட்டுக்கு வீடு எடுத்து வைத்த பிடியரிசியும் சேர்ந்து வளர்ந்த சத்திரிய வித்தியாசாலையில்தான் காமராஜர் படித்தார். மாலை போடுவதென்றால் யார் கழுத்தில் போடுவது?

1976-இல் டாக்டர் கோ. வெங்கடசாமி மதுரையில் ஒரு வீட்டில் பதினொரு படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். அவர் முதலாளி அல்லர். அரசாங்க உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர், கீல்வாதத்தால் விரல்கள் கோணியவர். அந்த விரல்களால்தான் கத்தி பிடித்தார். ஆனால் அவர் கணக்கு கெட்டிக்காரக் கடைக்காரரின் கணக்கு. அமெரிக்க ஹாம்பர்கர் கடைகள் நடக்கிற ஒழுங்கைப் பார்த்து வியந்தவர். பணம் கட்டக்கூடியவர் கட்டுவார். அந்த வருமானத்தில், கட்ட முடியாதவருக்கும் அதே டாக்டர்கள் அறுவை செய்வார்கள். கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் வெளிநாட்டிலிருந்து வந்தால் யானை விலை. 1992-இல் அரோலேப் என்று ஒரு தொழிற்சாலையே வைத்துப் பல மடங்கு மலிவாக இங்கேயே செய்தார்கள்.

இங்கே கொடுத்தவர் யார் என்று நண்பரைத் திருப்பிக் கேட்டேன். கட்டணம் கட்டிய மனிதர் தம் கண்ணுக்குத்தான் கட்டினார்; இன்னொருவர் கண்ணுக்கும் சேர்த்துக் கட்டியதாக அவர் நினைத்திருக்கமாட்டார். ரசீதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பார். அவருக்குப் புண்ணியம் உண்டா?

நண்பர் சற்று யோசித்துவிட்டு, "புண்ணியம் கிடக்கட்டும், அங்கே கம்பவுண்டருக்கு என்ன சம்பளம்?" என்றார்.