திருப்பிக் காட்டாத படம்

அந்தப் படத்துக்குத்தான் வகுப்பிலேயே அதிக மதிப்பெண் கிடைத்தது. போன ஆண்டு தைப்பூசத்தன்று விடியற்காலை, பத்துமலை ஆற்றங்கரையில் எடுத்தது. அருள் வந்து, நாவில் அலகு குத்தி, பால்குடம் ஏந்தக் காத்திருக்கும் ஒரு பெண். நாற்பது வயது இருக்கலாம். ஈரக் கூந்தல் கன்னத்தில் ஒட்டியிருக்கிறது. கண்கள் பாதி மூடியிருக்கின்றன. பின்னால் இருந்த விளக்குகளெல்லாம் கரைந்து பொன்னிற வட்டங்களாகிவிட்டன. விரிவுரையாளர் படத்தைத் திரையில் போட்டதும் வகுப்பு கொஞ்ச நேரம் பேசவில்லை. அந்த மௌனம் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

டிப்ளோமாவில் டிஜிட்டல் புகைப்படக்கலை ஒரு பாடம். தேர்வு கிடையாது, ஐந்து புராஜெக்ட். முதலாவது, ஒரு கண்ணாடிக் குவளைத் தண்ணீரை இருபது விதமான ஒளியளவில் எடுப்பது. இரண்டாவது, ஓடுவதை எடுப்பது. எல்ஆர்டி நிலையத்தில் நின்று, ஷட்டரை மெதுவாக்கி ரயிலை வெறும் கோடாக்கினேன். மூன்றாவது முகம். நான்காவது திருவிழா. ஐந்தாவது, பத்துப் படங்களில் ஒரு கதை.

முகத்துக்கான வகுப்பில்தான் அப்பர்ச்சர் எனக்குப் புரிந்தது. லென்ஸின் துளை பெரிதாக ஆக, தெளிவாக விழும் ஆழம் குறையும். 50 மில்லிமீட்டர் லென்ஸில் எஃப் 1.8 வைத்துப் பக்கத்தில் நின்று எடுத்தால், கண் தெளிவாக இருக்கும், காது மங்கிவிடும். "பின்னால் இருக்கும் குப்பையைக் கரைத்துவிடு, முகம் மட்டும் பேசும்" என்றார் விரிவுரையாளர். அதை மந்திரம்போல் பிடித்துக்கொண்டேன். நண்பனிடம் அந்த லென்ஸை இரவல் வாங்கிக்கொண்டுதான் பத்துமலைக்குப் போனேன்.

மதிப்பெண் வந்த அன்று அம்மாவிடம் படத்தைக் காட்டினேன். அடுப்படியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்து மடிக்கணினியைக் குனிந்து பார்த்தார்.

"யாரு இது?"

"தெரியலம்மா."

"கேட்டு எடுத்தியா?"

"எப்படிம்மா கேக்குறது? சாமி வந்து நிக்கிறாங்க."

"சரி. அப்புறமாச்சும் காட்டினியா?"

நான் பதில் சொல்லவில்லை. அம்மா நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். எனக்கு இரண்டு வயதில் வலிப்பு வந்துகொண்டே இருந்ததும், அதற்காக அவர் வேண்டிக்கொண்டு பால்குடம் எடுத்ததும் எனக்குத் தெரிந்த கதைதான். தெரியாத பகுதியை அன்றுதான் சொன்னார்.

"எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்ல. உங்க அப்பாதான் சொன்னாரு. வெள்ளைக்காரங்க நாலஞ்சு பேரு மூஞ்சிகிட்ட வந்து படம் புடிச்சாங்களாம். எந்த ஊர்ல, யாரு வீட்டுல நான் இருக்கேனோ. வாயைத் தொறந்துகிட்டு, தலையை விரிச்சுப் போட்டுகிட்டு."

கோபமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டார்.

மறுநாள் விரிவுரையாளரிடம் கேட்டேன். பொது இடம், பொது நிகழ்ச்சி, எடுப்பதில் தவறில்லை என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. பல்லாயிரம் பேர் பார்க்க நடந்து போகிறவர் பார்க்கப்படுவதை ஏற்றுக்கொண்டவர்தானே? என் உறவுக்கார அண்ணன் இன்னும் ஒரு படி மேலே போனார். "அருள் வந்த நேரத்துல அது அந்த அம்மா இல்லடா, சாமி. சாமிகிட்டே பர்மிஷன் கேப்பியா?"

இந்த இரண்டாவது வாதம் என்னைப் பல நாள் அலைக்கழித்தது. அருள் வந்தவரை எல்லாரும் பார்க்கிறார்கள். காலில் விழுகிறார்கள், திருநீறு வாங்குகிறார்கள். கேமராவின் பார்வை மட்டும் எப்படி வேறாகும்? எனக்குத் தோன்றிய பதில் இது. கோயிலுக்குப் போகிறவர் சாமியைப் பார்க்க மட்டும் போவதில்லை, சாமி தன்னைப் பார்க்கவேண்டும் என்றும்தான் போகிறார். காலில் விழுகிறவர் தன்னையும் அங்கே வைக்கிறார். நான் அப்படி எதையும் வைக்கவில்லை. என் முகத்தைக் கேமராவுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு நின்றேன். அருள் கலைந்ததும் அவர் அவராகத்தான் வீடு திரும்பியிருப்பார். படம் என்னோடு வந்துவிட்டது.

இன்னொன்றும் உறுத்தியது. மூலப் படத்தைத் திறந்து பார்த்தேன். வலது ஓரத்தில் மஞ்சள் பாவாடை கட்டிய ஒரு சிறுமி அவருடைய சேலையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். அவளை நான் வெட்டியிருந்தேன். பின்னால் தோளைத் தாங்கியபடி ஓர் ஆண், பக்கத்தில் உறுமி அடிப்பவர், சாம்பிராணித் தட்டோடு ஒரு கிழவி. இவர்களெல்லாம் எஃப் 1.8இல் வெறும் நிறமாகிவிட்டார்கள். வகுப்பு மௌனமாகிப் பார்த்தது இருட்டில் தனியாக நிற்கும் ஒரு பக்தையை. உண்மையில் அவர் தனியாக இல்லை. ஒரு குடும்பமே அவரைப் பிடித்துக்கொண்டிருந்தது. நான் பொய்யாக எதையும் சேர்க்கவில்லை. லென்ஸையும் ஓரத்தையும் தேர்ந்தெடுத்தேன், அவ்வளவுதான். குப்பை என்று கரைத்தது அவருடைய மனிதர்களை.

படத்தைத் திருத்துவது பற்றிய வகுப்பில் டோரதியா லாங்கின் புகழ்பெற்ற படம் வந்தது. 1936இல் கலிஃபோர்னியாவின் நிபோமோவில், பட்டாணி பறிக்கும் கூலிகளின் முகாமில் எடுத்தது. இரண்டு பிள்ளைகள் தோளில் சாய்ந்து முகத்தைத் திருப்பிக்கொள்ள, மடியில் கைக்குழந்தையோடு தூரத்தைப் பார்க்கும் ஒரு தாய். படத்தின் கீழ் மூலையில், கூடாரக் கம்பைப் பற்றிய ஒரு கட்டைவிரல் இருந்தது. அமைப்பைக் கெடுக்கிறதென்று லாங் பிற்பாடு அதை நெகட்டிவிலேயே மறைக்கச் செய்தார். வகுப்பு அந்த விரலைப் பற்றிப் பேசியது. நான் வீட்டுக்குப் போய் அந்தத் தாயைப் பற்றிப் படித்தேன். லாங் அவர் பெயரைக் கேட்டுக்கொள்ளவில்லை. ஃபிளாரன்ஸ் ஓவன்ஸ் தாம்சன் என்ற பெயர் உலகுக்குத் தெரிய 1978 வரை, 42 ஆண்டுகள் ஆயின. படத்தின் பிரதி அனுப்புவதாகச் சொல்லி அனுப்பவே இல்லை என்பது அவருடைய குறைகளில் ஒன்று.

லாங் அந்தப் படத்தை விற்றுப் பணம் சேர்த்தவர் அல்ல, அரசுப் பணிக்காக எடுத்தார். படம் வெளிவந்தபின் அந்த முகாமுக்கு உணவும் போய்ச் சேர்ந்தது. ஆனால் அதற்குள் தாம்சனின் குடும்பம் வேறு ஊருக்குப் போய்விட்டிருந்தது. ஒரு படம் ஊருக்கு நல்லது செய்யலாம், அப்போதும் படத்தில் இருப்பவருக்குப் பட்ட கடன் தீராமலே இருக்கலாம். இரண்டும் சேர்ந்தே உண்மையாக இருக்கமுடியும்.

லாங்குக்கு ஒரு சாக்கு உண்டு. அவரிடம் இருந்தது ஃபிலிம். கழுவி எடுக்கும்வரை அவருக்கே படம் தெரியாது. என் கேமராவின் முதுகில் ஒரு திரை இருக்கிறது. எடுத்த மறு நொடியே திருப்பிக் காட்டலாம். பக்கத்திலேயே அழிக்கும் பொத்தானும் இருக்கிறது. டிஜிட்டல் என்றால் செலவில்லாமல் ஆயிரம் படம் எடுக்கலாம் என்றுதான் நினைத்திருந்தேன். அந்தத் திரையை நான் மட்டும் பார்ப்பதற்கென்று நினைத்துக்கொண்டது என் பழக்கம். அருள் வந்தவரிடம் முன்னால் கேட்க முடியாது என்பது சரி. கூட இருந்தவரிடம் பின்னால் காட்டியிருக்கலாம். ஒரு நிமிட வேலை.

ஐந்தாவது புராஜெக்ட்டுக்குக் கிள்ளான் தெங்கு கிளானா சாலையில் பூ கட்டும் அக்கா ஒருவரைத் தேர்ந்தெடுத்தேன். இம்முறை ஒவ்வொரு படத்தையும் திருப்பிக் காட்டினேன். தொகுப்பிலேயே சிறந்தது அவருடைய கைகளை மட்டும் எடுத்த படம். நார் இழுத்து வெடித்த விரல்கள், நகத்தில் கறை. பார்த்தவர் முகம் சுளித்தார்.

"இது வேணாம் தம்பி. அழிச்சிரு."

"அழகா இருக்குக்கா."

"உனக்கு அழகு. எம் மவ பாத்தா என்ன நெனைப்பா?"

அழித்தேன். விரல் பொத்தானில் போய்க் கொஞ்ச நேரம் தயங்கியதையும் சொல்லிவிடுகிறேன். அவர் கையைக் கழுவி, பொட்டைச் சரிசெய்து, நிமிர்ந்து உட்கார்ந்து, "இப்ப எடு" என்றார். கடப்பிதழுக்கு எடுத்ததுபோல் விறைப்பாக வந்தது. "இது உயிரோட்டமா இல்லையே" என்று விரிவுரையாளர் மதிப்பெண்ணைக் குறைத்தார். அந்தக் கைகளில் நான் காட்ட விரும்பியது உழைப்பு பற்றிய என் கருத்தை. விறைப்பான படத்தில் இருப்பது அவர் தன்னை எப்படி வைத்துக்கொள்ள விரும்புகிறார் என்பது. எது உண்மையான படம் என்று இப்போதும் என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

இதை எல்லா இடத்துக்குமான விதியாகச் சொல்லவும் தயக்கமாக இருக்கிறது. அதிகாரத்தில் இருப்பவர் தன் செயலை மறைக்க "அழி" என்று சொன்னால் அழிக்கக்கூடாது. பூக்கார அக்கா சொன்னால் அழிக்கவேண்டும். இரண்டுக்கும் நடுவில் எங்கே கோடு விழுகிறது என்பதை எந்த புராஜெக்ட்டும் கற்றுத்தராது. ஒவ்வொரு முறையும் எதிரில் நிற்பவரைப் பார்த்துத்தான் முடிவெடுக்கவேண்டியிருக்கிறது.

திருவிழாப் படத்தைக் கல்லூரிக் கண்காட்சிக்குத் தரவில்லை. வெட்டியதை மீட்டு, சிறுமியோடு சேர்த்து அஞ்சலட்டை அளவில் இரண்டு பிரதி போட்டேன். வெட்டியதை மீட்க முடிகிறது, லென்ஸில் கரைத்ததை மீட்க முடியாது. தாங்கிப் பிடித்தவரின் முகம் இனி எந்த மென்பொருளிலும் வராது.

இந்த ஆண்டு அதே கரைக்கு, அதே நேரத்துக்குப் போனேன். அம்மாவும் கூட வந்தார். விடியும்வரை நின்றோம். அவரைப் பார்க்கவில்லை. வேண்டுதல் ஓராண்டோடு முடிந்திருக்கலாம். திரும்பும்போது அம்மா, "அடுத்த வருஷமும் கொண்டாந்து பாரு" என்றார். படங்கள் கேமராப் பைக்குள்தான் இருக்கின்றன.