நான்காவது ஆசிரமம் யாருக்கு?

ஒருவன் படிக்கலாம், குடும்பம் நடத்தலாம், பேரன் பிறந்தபின் மெல்ல ஒதுங்கலாம், கடைசியில் எல்லாவற்றையும் விட்டு நடக்கலாம் என்று சாஸ்திரம் ஆணுக்கு நான்கு ஆசிரமங்களை வகுத்து வைத்திருக்கிறது. பெண்ணுக்கு எத்தனை? பெரியபுராணம் பாடம் நடத்திய காலத்தில்கூட இதை நான் கேட்டுக்கொண்டதில்லை. என்னைக் கேட்க வைத்தவர் ஆர். சூடாமணி.

அவருடைய ‘நான்காம் ஆசிரமம்’ சிறுகதை சங்கரி என்ற பெண்ணைப் பற்றியது. கதை தொடங்கும்போது அவள் உயிரோடு இல்லை. அவளுடைய இரண்டாம் கணவரும் மூன்றாம் கணவரும் அவளைப் பற்றிப் பேசிக்கொள்கிறார்கள். இளமையின் காதலுக்கு ஒருவன், உடலின் வேட்கைக்கு ஒருவன், அறிவின் துணைக்கு ஒரு பேராசிரியர் என்று மூன்று திருமணங்கள் அவளுக்கு. ஒவ்வொன்றையும் முழு மனதோடு வாழ்ந்து கடந்தவள். நான்காவதாக அவள் கேட்டது தனிமை. அந்த விடுதலை கிடைக்காமலே போய்விடுகிறாள்.

இதைப் பெண் விடுதலைக் கதை என்று வகைப்படுத்தி மேலே போய்விடுகிறவர்கள் உண்டு. எனக்கு அது போதவில்லை. தலைப்பிலேயே சூடாமணி தர்மசாஸ்திரத்தைத் தொட்டிருக்கிறார். பெண்ணுக்குத் திருமணமே உபநயனம், கணவனுக்குச் செய்யும் பணிவிடையே குருகுலவாசம், வீட்டுவேலையே அக்கினி வழிபாடு என்கிறது மனுஸ்மிருதியின் இரண்டாம் அத்தியாயம். ஆறாம் அத்தியாயத்தில் காட்டுக்குப் புறப்படுகிறவன் மனைவியைப் பிள்ளைகளிடம் ஒப்படைத்துவிட்டும் போகலாம், கூட அழைத்துக்கொண்டும் போகலாம். அவளுக்குப் போக மனமிருக்கிறதா, இருக்க மனமிருக்கிறதா என்ற பேச்சே அங்கே கிடையாது.

நம் ஊர் வழக்கமும் அப்படித்தான். எங்கள் பக்கத்துத் திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம் பார்க்காதவர்கள் குறைவு. ஆணுக்கு அறுபது நிறைந்தால் மறுபடி தாலி கட்டுகிறார்கள். மனைவிக்கு ஐம்பத்திரண்டா, ஐம்பத்தெட்டா என்று யாரும் கேட்பதில்லை. விலகத் தொடங்க வேண்டிய வயதில் அவளுக்கு இன்னொரு முடிச்சு. அந்தச் சடங்கில் இருக்கும் அன்பை நான் மறுக்கவில்லை, நானும் மாலையும் கழுத்துமாக அங்கே உட்கார்ந்தவள்தான்.

காரைக்கால் அம்மையார் இல்லையா என்று கேட்பார்கள். அவருடைய கணவன் பரமதத்தன் அவரைக் கண்டு அஞ்சி ஓடி, பாண்டிநாட்டில் வேறு பெண்ணை மணந்து, பிறந்த மகளுக்கு அம்மையாரின் இயற்பெயரான புனிதவதி என்றே பெயரிட்டு, கடைசியில் குடும்பத்தோடு வந்து காலில் விழுகிறான். அவனுக்காகச் சுமந்த அழகு இனி வேண்டாம் என்று அம்மையார் பேய் வடிவம் கேட்டுப் பெறுகிறார். அதாவது, கணவன் தன்னை விட்டுவிட்டான் என்று உறுதியான பிறகுதான் அவருக்கு வழி திறக்கிறது. அப்போதும் உடம்பின் சதையை உதற வேண்டியிருக்கிறது. ஔவையார் கதையிலும் பிள்ளையார் கொடுத்த வரம் முதுமைதான். இளமையும் அழகும் போனால்தான் ஒரு பெண் தனியே தெருவில் நடக்கலாம். ஒன்றைச் சொல்லாமல் விடக்கூடாது: அம்மையார் தாமே பாடிய அற்புதத் திருவந்தாதியில் கணவனைப் பற்றிய பேச்சே இல்லை. அந்த இல்லறக் கதையை நமக்கு விரித்துச் சொன்னவர் பல நூற்றாண்டு பிந்தி வந்த சேக்கிழார். ஒரு பெண்ணின் துறவை ஆண்கள் பேசித்தான் நாம் கேட்கிறோம். சூடாமணியும் சங்கரியைப் பேசவிடாமல் இரு கணவர்களின் வாயில் வைத்தாரே, அது தற்செயல் என்று நான் நம்பவில்லை.

சங்கரி பேயாகவில்லை, கிழவியாகவில்லை, யாராலும் கைவிடப்படவும் இல்லை. கடவுளை மணந்ததாகச் சொல்லி அவள் தப்பிக்கவும் இல்லை. வாழ்ந்து நிறைந்துவிட்டது, விடுங்கள் என்கிறாள். ஒரு ஆண் இதைச் சொன்னால் பக்குவம் என்போம்.

அப்பா போன பிறகு எங்கள் அம்மா அண்ணன்கள் வீட்டில் முறைவைத்து இருந்தாள். ஒருநாள், “எனக்கு யார் மேலயும் கோபம் இல்லப்பா. நம்ம பழைய வீட்ல கொஞ்ச நாள் நான் மட்டும் இருந்து பார்க்கிறேன்” என்றாள். பெரியண்ணன் பதறிப்போய், “ஊர் எங்களை என்னம்மா சொல்லும்?” என்றார். அண்ணி அழுதாள். எல்லோரும் அன்பாகத்தான் மறுத்தோம். கோபம் இல்லாமல் ஒருத்தி விலக முடியும் என்பது எங்களில் யாருக்கும் புரியவில்லை.

சூடாமணி 1931-இல் சென்னையில் பிறந்தவர். பள்ளிக்கூடம் போகாமல் வீட்டிலேயே படித்தவர். 1957-இல் ‘கலைமகள்’ அவருடைய கதையை வெளியிட்டது. அதன்பின் ஐந்நூறுக்கும் மேற்பட்ட சிறுகதைகள். மணம் செய்துகொள்ளவில்லை. மேடைகளை நாடவில்லை. 2010-இல் மறைந்தபோது தம் சொத்தைத் தொண்டு நிறுவனங்களுக்கு எழுதிவைத்துவிட்டுப் போயிருந்தார். அவரைத் துறவி என்று சொல்லப் பலருக்கு ஆசை. எனக்கு அதில் உடன்பாடில்லை. மனிதர்களின் மனத்துக்குள் அத்தனை ஆண்டுகள் நுழைந்து பார்த்தவர் உலகத்தை விட்டவர் ஆகமாட்டார். பற்றற்ற நாளிலேயே எந்த ஆசிரமத்திலிருந்தும் புறப்படலாம் என்று ஜாபால உபநிஷதம் சொல்கிறது. அவர் எதிலிருந்தும் புறப்படவில்லை. தம் அறையில், தம் மேசையில் இருந்தார். அப்படி இருக்க ஒரு பெண்ணுக்கு வீடும் வசதியும் வேண்டியிருந்தன என்பதும் உண்மை. எங்கள் அம்மாவுக்கு வீடு இருந்தது, அனுமதி இல்லை.

சூடாமணியோடு எனக்கு ஒரு வருத்தமும் உண்டு. அவருடைய நாவல் ஒன்றில் தனிமையை விரும்பிய யாமினி என்ற பெண்ணைத் திருமணத்துக்குள் தள்ளுகிறார்கள், அவளும் பிழைப்பதில்லை. சங்கரியும் பிழைக்கவில்லை. இந்தக் கேள்வியை இவ்வளவு துணிந்து கேட்டவர், பதிலை வாழ்ந்துகாட்டும் ஒருத்தியையும் படைத்திருக்கலாம். பேராசிரியர் சரி என்று சொல்லியிருந்தால் மறுநாள் காலை சங்கரி எத்தனை மணிக்கு எழுந்திருப்பாள், யாருக்கும் சமைக்க வேண்டாத அந்தப் பகலை என்ன செய்திருப்பாள், சாயங்காலம் பயந்திருப்பாளா? அவள் மறுபடி திரும்பி வந்திருக்கவும் கூடும். அதையும் எழுதக்கூடியவர் அவர் ஒருவர்தான் என்பதால் கேட்கிறேன்.