யாருடைய பருவம்?

மேச்சேரிப் பக்கத்துச் செம்மறிகளுக்குக் கம்பளி கிடையாது. வெளிர் பழுப்பில், தோலோடு ஒட்டின குட்டை மயிர் மட்டும். அதை யாரும் கத்தரிப்பதில்லை. சேலம், நாமக்கல் சமவெளியின் சித்திரை வெயிலுக்கு அவை பொருந்திப் போயிருக்கின்றன என்கிறோம். இந்தச் சொல்லை ஆட்டோடு நிறுத்திக்கொள்வதில்லை. மனிதர்களுக்கும் புத்திமதியாகச் சொல்கிறோம். எனவே அதைச் சற்று சந்தேகிக்க வேண்டியிருக்கிறது.

பொருந்துவது என்றால் எல்லாவற்றையும் விட்டுக்கொடுப்பதா? ஒட்டகத்தைப் பார்த்தால் அப்படித் தோன்றவில்லை. குளிருக்கு வளர்த்த அடர்ந்த மயிரை, வெயில் ஏறும்போது அது கொத்துக் கொத்தாக உதிர்க்கிறது. வயிற்றிலும் காலிலும் மயிர் மெலிந்துவிடுகிறது. ஆனால் வெயில் நேரே விழும் திமிலிலும் முதுகிலும் தடித்தே நிற்கிறது. 1950களில் ஷ்மிட்-நீல்சன் என்ற உடலியல் அறிஞர், சஹாராவில், கோடையில் ஓர் ஒட்டகத்தின் மயிரை மழித்துப் பார்த்தார். வியர்வையில் அது இழந்த நீர் ஏறக்குறைய ஒன்றரை மடங்காயிற்று. எதை உதிர்க்கக் கூடாது என்பதும் அந்த உடலுக்குத் தெரிந்திருக்கிறது.

மெரினோ ஆட்டின் கதை வேறு. பல தலைமுறைத் தேர்வில், மயிர் உதிர்க்கும் இயல்பையே மனிதன் அதனிடமிருந்து எடுத்துவிட்டான். கம்பளி வளர்ந்துகொண்டே போகும். 2015இல் ஆஸ்திரேலியாவில், மந்தையைவிட்டுத் தனியே திரிந்த ஓர் ஆட்டின் மேலிருந்து 40 கிலோவுக்கு மேல் வெட்டி எடுத்தார்கள். அந்தச் சுமையில் அதனால் சரியாக நடக்கவும் முடியவில்லை. அதுவும் பொருந்திப் போன பிராணிதான். பொருந்தியது நம் ஆலைகளுக்கு. ஒரு பிராணியை இப்படி ஆக்கிவிட்டபின் கத்தரிக்கோலோடு அதனிடம் போவதைக் கருணை என்று சொல்லிக்கொள்ள முடியாது. பட்ட கடன் அது.

மேச்சேரி ஆட்டை இதற்கு எதிர்நிலையில் வைத்து நிம்மதியடையவும் வழியில்லை. அதன் தோலுக்குப் பதனிடுகிறவர்களிடம் நல்ல மதிப்பு உண்டு. கம்பளி ஆடு உயிரோடிருந்து தருகிறது. இது செத்துத்தான் தர வேண்டும். வெயிலைத் தாங்குவதற்கு அமைந்த அதே தோல் சந்தைக்கும் ஏற்றதாகிவிட்டது. எது இயற்கையின் தேர்வு, எது மேய்ப்பவனின் தேர்வு, எது வியாபாரியின் தேர்வு என்று அந்தத் தோலில் பிரித்துக் காட்ட முடியாது.

மனிதர்கள் விஷயத்தில் அவ்வளவு சிரமமில்லை. வெயிலில் கல் உடைக்கிறவனைப் பார்த்து 'அவனுக்குப் பழகிப்போச்சு' என்று நிழலில் நின்று சொல்லும்போது, அவன் யாருடைய தேவைக்குப் பழகினான் என்பது சொல்கிறவனுக்குத் தெரியும். ஒட்டகத்துக்கு முதுகு மயிராவது மிஞ்சுகிறது.