அறுவடை யாருக்கு?

மேப்பிள் இலைகள் சிவந்து உதிரத் தொடங்கியதும் ரொறன்ரோவில் வாழும் எம்மவர் வீடுகளில் ஒரு கேள்வி எழுவதுண்டு. வாடகை வீட்டு வளவுக்கு இத்தனை பாடுபட வேண்டுமா? அடுத்த கோடையில் நாம் எங்கே இருப்போமோ! நாம் நடுவதை வேறு யாரோ அல்லவா உண்ணப் போகிறார்கள்? இதைச் சோம்பேறியின் சாட்டு என்று தள்ளிவிட முடியாது. கட்டிய வீட்டையும் வெட்டிய கிணற்றையும் விட்டு வந்தவர்கள் கேட்கும் கேள்வி இது.

இலையுதிர்கால வேலைகள் இரண்டு வகை. முதலாவது, எமக்காக நாம் செய்பவை. நீர் உறையும்போது ஏறக்குறைய 9 வீதம் விரிவடையும். ஆகவே உள்ளே இருக்கும் வால்வை மூடி, வெளிக்குழாயில் எஞ்சிய நீரை வடியவிடுகிறோம். தவறினால் குழாய் வெடித்து வீட்டுக்குள் வெள்ளம் வரும். உறைபனி விழுமுன் கறிவேப்பிலைச் சாடியை உள்ளே எடுக்கிறோம். இவற்றை எவரும் வற்புறுத்த வேண்டியதில்லை. இலாபமும் நட்டமும் எமதே.

இரண்டாவது வகைக்கு உள்ளி நல்ல உதாரணம். ஒக்ரோபரில் பற்களைப் பிரித்து, கூர்நுனி மேலே இருக்க இரண்டு அங்குல ஆழத்தில் ஊன்றிச் சருகால் மூட வேண்டும். மாரிக் குளிர் பட்டால்தான் ஒரு பல் பல பற்களாகப் பிரிந்து பூடாகும். கிண்டி எடுப்பது யூலையில். இடையில் ஒன்பது மாதங்கள்.

கணக்கியலில் முற்கொடுப்பனவை ஐந்தொகையில் சொத்தாகக் காட்டுவோம். அதன் பயன் பின்னர் எம்மையே வந்து சேரும் என்பதே காரணம். பயன் பிறருக்குப் போகுமானால் அது வெறும் செலவு. ஏட்டின்படி பார்த்தால், வீடு மாறப் போகிறவர் உள்ளி நடக்கூடாது. ஆனால் வாழ்க்கை முழுவதையும் அந்த ஏட்டில் பதிய முடியுமா?

1995 ஒக்ரோபர் 30 அன்று வலிகாமம் மக்கள் கொட்டும் மழையில் தென்மராட்சி நோக்கி நடந்தார்கள். விதைத்த வயல்கள் பின்னே கிடந்தன. அந்தக் கமக்காரரைப் பார்த்து "ஏன் விதைத்தாய்?" என்று நாம் கேட்போமா? விதைத்த நாளில் அவர் செய்தது சரியே. பிழை அவரைத் துரத்திய போரில் இருந்தது. பலன் பறிபோனதால் உழைப்புப் பிழையாகிவிடாது.

நாமும் பிறர் நட்டதை உண்டே வளர்ந்தோம். ஊரில் நாம் நுங்கு குடித்த பனைகள் எமக்கு முந்தியவர்கள் விட்டுப் போனவை. இங்கே எமது வாசலில் நிழல் தரும் மேப்பிளை நட்டவரின் பெயர்கூட எமக்குத் தெரியாது. கடனைத் தந்தவருக்கே திருப்பிக் கொடுக்க வழியில்லாதபோது, அடுத்து வருபவரிடம் கொடுப்பதே முறை.

இந்த மண்ணைப் பேணினால் அந்த மண்ணை மறந்துவிடுவோம் என்று அஞ்சுவோரும் உளர். எமக்கு முன் இந்நகருக்கு வந்த இத்தாலியரைப் பாருங்கள். தம் ஊர் அத்திமரத்தை ஆண்டுதோறும் இலையுதிர்காலத்தில் வளைத்து, பள்ளத்தில் கிடத்தி, மண்ணால் மூடிவிட்டு, வசந்தத்தில் மீண்டும் நிமிர்த்துபவர்கள் அவர்களில் இருக்கிறார்கள். ஊரை மறந்தவர்கள் செய்யும் வேலையா அது? இந்த மண்ணின் குளிரை அறிந்துகொண்டதனால் அல்லவா அந்த மரம் பிழைத்தது! இங்குள்ள வளவைப் பாழாக விடுவதால் ஊர்ப்பற்று ஒரு குன்றிமணியளவும் கூடப்போவதில்லை.

இரண்டு வேலை செய்து களைத்து வருபவரைக் கடன்பட்டுத் தோட்டம் போடும்படி நாம் சொல்லவில்லை. ஒரு பூடு உள்ளியும் ஒரு மணி நேரமும் போதும். யூலையில் நாம் அங்கே இருந்தால் அது எமது கறிக்கு. இல்லையேல் அந்த வீட்டுக்கு வருபவரின் கறிக்கு. அவரும் எம்மைப்போல் நாடிழந்து வந்தவராய் இருக்கலாம்.

நிலம் இறுகுமுன் நடுவோம்.