வந்தவர் நினைவில் வாழும் ஊர்

1997 நவம்பர் 16. மலேசியாவின் ஜொகூர் பாரு, லார்க்கின் அரங்கம். ஈரானுக்கு எதிரான கால்பந்து ஆட்டத்தின் 118ஆவது நிமிடத்தில் ஆட்டக்காரர் ஒக்கானோ அடித்த, ஆட்டத்தை அத்தோடு முடித்துவைக்கும் 'தங்க கோல்', 3-2 என்ற வெற்றியை ஜப்பானுக்குத் தந்தது. அந்நாடு முதன்முறையாக உலகக் கிண்ணத்துக்குத் தகுதி பெற்றது. கடல் கடந்து வந்திருந்த ரசிகர்கள் ஆனந்தக் கண்ணீர் விட்டார்கள். 'ஜொகூர் பாருவின் பேரானந்தம்' என்றே ஜப்பானியர் அந்த இரவை இன்றும் சொல்கிறார்கள்.

ஓர் ஆட்டம் ஊரின் பெயரை உலகெங்கும் கொண்டு சேர்க்கும். ஆனால் ஊரின் குணத்தைக் காட்ட வேண்டியவர்கள் அங்கு வாழும் மக்கள். பையைச் சுமந்து வந்திறங்கும் இளைஞருக்கு முதல் நாளில் ஊர் என்பது வழி சொன்ன மனிதரும், பசியாறிய ஒட்டுக்கடையும்தான்.

பயணியே, அரங்கத்தோடு திரும்பிவிடாதே. ராஜமாரியம்மன் கோயிலையும் பழைய சீனர் கோயிலையும் பார். ஜாலான் தான் ஹியோக் நீ சாலையில் நிதானமாக நட.

ஊர்க்காரரே, வழி கேட்பவருக்குக் கை காட்டுவதோடு நிற்காதீர்கள். நான்கடி உடன் நடங்கள். கோல் கணக்கு மறந்துபோகலாம். உங்கள் அன்பை அவர் மறக்க மாட்டார்.