யோசனை சொன்னவர் எங்கே?

2026 ஜனவரியில், மதுரையைச் சேர்ந்த 19 வயதுக் கல்லூரி மாணவி ஒருவர் யூடியூபில் எடை குறைப்பது பற்றிய வீடியோ ஒன்றைப் பார்த்தார். அதில் சொன்னதை நம்பி, நாட்டு மருந்துக் கடையில் வெங்காரம் வாங்கிச் சாப்பிட்டார். வாந்தியும் வயிற்றுப்போக்குமாகத் தொடங்கிய உபாதை மரணத்தில் முடிந்தது. வெங்காரம் நகைப் பட்டறையில் பொன்னைப் பற்றவைக்கச் சேர்க்கும் பொருள். சித்த மருத்துவத்திலும் அதற்கு இடமுண்டு; ஆனால் வைத்தியர் அதைச் சுத்தி செய்து, நோயாளியின் நாடி பார்த்து, அளவறிந்து கொடுப்பார். வீடியோவில் பொருளின் பெயர் மட்டும் வந்து சேர்ந்தது. சுத்தியும் நாடியும் அளவும் வரவில்லை. பேசியவருக்கு அந்த மாணவியின் பெயர் தெரிந்திருக்கக்கூட வழியில்லை.

இந்தச் சாவை யூடியூபில் உடற்பயிற்சி சொல்லித்தரும் எல்லா இளைஞர்கள் தலையிலும் கட்டுவது நியாயமல்ல. தண்டால் எடுக்கும்போது முதுகு வளையக் கூடாது, எடை தூக்கும்போது மூச்சை அடக்காதே என்று பொறுமையாகச் சொல்லித்தருபவர்கள் ஏராளம். சிக்கல் அடுத்த கட்டத்தில் வருகிறது. உடம்பு ஏறிய கதையைச் சொல்லத் தொடங்கும் சேனல் கொஞ்ச நாளில் யாரோடு பழகலாம், காதல் தோல்வியை எப்படிக் கடப்பது, அப்பா பேச்சை எதுவரை கேட்பது, பிடிக்காத வேலையை எப்போது உதறுவது என்று நகர்ந்துவிடுகிறது. புஜத்தை ஏற்ற வழி தேடி வந்த பதினேழு வயதுப் பையன் வாழும் முறையைப் பாடமாகக் கேட்டுவிட்டுப் போகிறான். சேனல் நடத்தும் இருபத்திரண்டு வயதுக்காரர் அதைச் சொல்லலாமா?

வயதைக் காட்டி வாயை அடைப்பது மதுரைக்கே பொருந்தாது. பாண்டியன் சபைக்குச் சம்பந்தர் வாதம் செய்யப் போனபோது, இந்தச் சின்னப் பிள்ளை எப்படித் தாங்கும் என்று அரசி மங்கையர்க்கரசியார் கலங்கினார். அந்தப் பிள்ளைதான் அரசிக்குத் தைரியம் சொல்லிவிட்டுப் போனது என்பது இந்த ஊரின் பழங்கதை. இன்றைக்கும் ஒரு பையனின் கூச்சமும் பயமும் அறுபது வயதுக்காரரைக் காட்டிலும் அவனுக்கு ஐந்து வயது மூத்தவருக்குத்தான் நன்றாகப் புரியும். தெருமுனையில் டாஸ்மாக் இருக்கும் ஊரில், குடிக்காதே, நேரத்துக்குத் தூங்கு என்று அவன் மதிக்கும் ஒரு குரல் சொன்னால் அதற்கு மதிப்பு உண்டு. வீட்டில் யாரும் அப்படிப் பேசாத பிள்ளைகளுக்கு அது இன்னும் பெரிது.

அனுபவசாலிகளின் யோசனை மட்டும் எப்போதும் சரியாகவா இருக்கிறது? மதுரையை அடுத்த சக்கிமங்கலத்தைச் சேர்ந்தவர் ஓட்டப்பந்தய வீராங்கனை ரேவதி வீரமணி. சிறு வயதிலேயே தாயையும் தகப்பனையும் இழந்த அவரையும் தங்கையையும் கூலி வேலை பார்த்து வளர்த்தவர் பாட்டி. பிள்ளைகளை வேலைக்கு அனுப்பு என்று சொன்னவர்கள் வயதில் பெரிய உறவினர்கள். பாட்டி கேட்கவில்லை; படிக்கத்தான் வைப்பேன் என்று நின்றார். ஷூ வாங்க வசதியில்லாமல் வெறுங்காலோடு ஓடிய அந்தப் பெண், 2021-ல் டோக்கியோ ஒலிம்பிக்கில் 4×400 மீட்டர் கலப்புத் தொடர் ஓட்டத்தில் இந்தியாவுக்காக ஓடினார்.

அந்தப் பாதையில் இன்னொரு யோசனையும் உண்டு. பள்ளிக் காலத்தில் ரேவதியின் ஓட்டத்தைக் கவனித்த பயிற்சியாளர் கண்ணன், இந்தப் பெண் ஓட வேண்டும் என்றார். பாட்டி முதலில் தயங்கினார். கண்ணன் அவரிடம் பேசிச் சம்மதிக்க வைத்ததோடு, மதுரை லேடி டோக் கல்லூரியில் படிக்கவும் விடுதியில் தங்கவும் ஏற்பாடு செய்தார். ஆண்டுக்கணக்கில் பயிற்சியும் கொடுத்தார். வேலைக்கு அனுப்பச் சொன்னவர்களுக்கும் இவருக்கும் உள்ள வேறுபாடு வயதிலோ அறிவிலோ இல்லை. சொன்ன யோசனையின் சுமையில் ஒரு பங்கை இவர் தன் தோளில் ஏற்றிக்கொண்டார். ரேவதி காலில் அடிபட்டுக் கிடந்திருந்தால் பாட்டிக்கு முன்னால் போய் நிற்க வேண்டியவர் அவர்தான். மீனாட்சி கோயிலைச் சுற்றியுள்ள பழைய தெருக்களின் சின்ன ஜிம்களில் மாஸ்டர் என்று அழைக்கப்படுபவருக்கும் இதே நிலைமைதான். முழங்கால் பிடித்துக்கொண்டால் பையன் மறுநாள் அவர் முன்னால்தான் நொண்டிக்கொண்டு வந்து நிற்பான்.

கேமராவைப் பார்த்துப் பேசுபவருக்கு அந்த மறுநாள் இல்லை. பதிலாக அவர் காட்டும் சான்று தன் உடம்பு. அந்தச் சான்றை எவ்வளவு நம்பலாம்? அமெரிக்காவில் லிவர் கிங் என்ற பெயரில் பிரபலமான பிரையன் ஜான்சன், பச்சை ஈரல் தின்றும் முன்னோரைப் போல வாழ்ந்தும் வந்த உடம்பு இது என்று சொல்லி, வாழ்க்கைக்கு ஒன்பது கொள்கைகளையும் போதித்தார். 2022 டிசம்பரில் ஸ்டீராய்டு எடுத்துக்கொண்டதை ஒப்புக்கொண்டார்.

சான்று உண்மையாகவே இருந்தாலும், அது எத்தனை பேருக்குப் பொருந்தும் என்ற கேள்வி மிஞ்சுகிறது. மதுரை விளக்குத்தூண் பக்கம் ஜவுளிக்கடையில் காலை முதல் இரவு வரை நின்று துணி விரித்துக் காட்டும் பெண், உட்கார்ந்தே இருக்காதீர்கள், தினம் பத்தாயிரம் அடி நடங்கள் என்ற அறிவுரையை என்ன செய்வார்? அவரைப் போன்றவர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் சட்டத் திருத்தம் வந்ததே 2021-ல்தான். மனசு வைத்தால் எதுவும் முடியும் என்ற பேச்சு அவர் காதில் ஊக்கமாக விழாது. முடியாதது தன் குற்றம் என்றுதான் விழும். அந்தப் பெண்ணின் நேரம் அவர் கையில் இல்லை என்பது, வீடியோவில் பேசும் இளைஞர் பொய் சொன்னதால் விடுபட்டதல்ல. அந்த வாழ்க்கையை அவர் வாழ்ந்திராததால் விடுபட்டது.

பாண்டிய நாட்டுப் பிசிர் என்ற ஊரிலிருந்த புலவர் பிசிராந்தையாரிடம், இத்தனை வயதாகியும் உங்களுக்கு ஏன் தலை நரைக்கவில்லை என்று கேட்டார்களாம். உடம்பைப் பற்றிய அந்தக் கேள்விக்கு அவர் சொன்ன பதில் புறநானூற்றில் இருக்கிறது. நல்ல மனைவி, அறிவு நிரம்பிய பிள்ளைகள், தன் எண்ணம் அறிந்து நடக்கும் ஏவலர், தீமை செய்யாமல் காக்கும் அரசன், ஊர் நிறைய அடக்கமுள்ள சான்றோர் என்று காரணங்களை அடுக்குகிறார். தன் கட்டுப்பாடு, தன் உணவு, தன் முயற்சி என்று ஒன்றையும் சொல்லவில்லை. கட்டுடல் காட்டிப் பேசும் இளைஞருக்கும் அம்மா வேகவைத்துத் தரும் முட்டையும், சம்பளத்தில் புரோட்டீன் பவுடருக்கு ஒதுக்கும் அப்பாவும் இருக்கலாம். அதையும் சேர்த்துச் சொன்னால் அவர் கதை பிறருக்கு உண்மையிலேயே பயன்படும். தனக்கு இருப்பது எது, இல்லாதது எது என்று கேட்பவர் கணக்குப் பார்த்துக்கொள்ள முடியும்.

2023 ஆகஸ்டில் மத்திய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை, உடல்நலம் பற்றிப் பேசும் பிரபலங்களுக்கும் சமூக ஊடகச் செல்வாக்காளர்களுக்கும் நெறிமுறை வெளியிட்டது. தகுதிச் சான்றிதழ் பெற்றவர் அதைச் சொல்ல வேண்டும். மற்றவர்கள் தங்கள் பேச்சு மருத்துவ ஆலோசனைக்கு மாற்று அல்ல என்று அறிவிக்க வேண்டும். தண்ணீர் குடியுங்கள், தவறாமல் உடற்பயிற்சி செய்யுங்கள் போன்ற பொதுவான யோசனைகளுக்கு விலக்கு உண்டு. அது நியாயமே. ஆனால் வேலையை விடு, நண்பனை ஒதுக்கு, பசியை அடக்கு என்பவை அந்தப் பொதுவான யோசனைகளின் தொனியிலேயே சொல்லப்படுகின்றன. கேட்கும் பிள்ளையின் வாழ்க்கையில் அவை மருந்தைப் போலவே வேலை செய்கின்றன. அவற்றை நான்கு லட்சம் பேரிடம் ஒரே மூச்சில் சொல்ல ஓர் இளைஞருக்கு உரிமை இல்லை. தன்னிடம் நேரில் பயிற்சிக்கு வரும் நான்கு பேரிடம், அவர்கள் வீட்டு நிலைமை தெரிந்து, அடுத்த வாரமும் அவர்கள் முகத்தைப் பார்க்கப் போகிறோம் என்று தெரிந்து சொல்லலாம். இருபத்திரண்டு வயதிலும் சொல்லலாம்.